என்ன முறை?

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் தையல்காரி கேட்ட முதல் கேள்வி, "யாருங்க போட்டது?" என்பதுதான்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. ரெக்சின் பிசிறும் ஃபோம் தூளும் பறக்கிற பட்டறையில் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்கிறவள் அவள். உள்ளே என்னவெல்லாம் போயிருக்குமோ என்று அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

"யாரும் போடலம்மா, அதுவா உருவாகுறது. பையோட சேர்த்து எடுத்துடணும். இன்னொரு தடவை போய் அடைச்சுக்கிச்சுன்னா காய்ச்சல், காமாலைன்னு இழுத்துவிட்டுடும்."

"எடுத்தா மெஷின் மிதிக்கலாமா?"

"ஆறினதும் தாராளமா மிதிக்கலாம்."

"அப்போ எடுங்க. கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்குள் அரசாங்கக் காப்பீட்டு அட்டை கைக்கு வந்துவிட வேண்டும், அது இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அரசாங்கத்தோடது, இல்லாவிட்டால் குறித்த நாள் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று வாசல் மேஜையில் இருந்த பெண் சொன்னாள். தையல்காரிக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. அட்டை யாருக்கு? கைக்கும் வாய்க்கும் இழுத்துப் பிடிக்கிறவர்களுக்கு. அவளைவிட நன்றாக இழுத்துப் பிடிக்கிறவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

அவள் இருந்தது ஒரு நீளமான வீட்டின் பின் பாதியில். முன் பாதி பட்டறை. பஸ் சீட்டு, சலூன் நாற்காலி, சாப்பாட்டுக் கடை பெஞ்சு என்று உட்காருகிற சாமான் எதுவானாலும் அங்கே வந்து தோலுரிந்து புதுத்தோல் போட்டுக்கொண்டு போகும். வீடும் பட்டறையும் ஆணி என்கிறவருடையவை. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ஆனால் எந்நேரமும் உதட்டோரத்தில் ஏழெட்டுச் சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தச் சுத்தியல் முனையில் ஒட்டவைத்து அடிக்கிற மனிதருக்கு வேறு எந்தப் பேர் நிற்கும்? பேசுவதும் அந்த ஆணிகளோடுதான். பழகாதவர்களுக்கு ஒரு எழுத்துப் புரியாது. வாயிலிருந்து ஆணியை எடுத்துவிட்டுப் பேசினார் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

மகள் தவழ்கிற வயதில், புருஷனைப் பறிகொடுத்த கையோடு, வேலை கேட்டு வந்தவள் தையல்காரி. "அண்ணே, மெஷின் ஓட்டத் தெரியும்" என்றாள். "பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு, வாடகையக் கூலியில கழிச்சுக்கிறேன், வா தங்கச்சி" என்றார். அன்றைக்கு ஒட்டிய அண்ணனும் தங்கச்சியும்தான். மகளுக்கு அவர் மாமா. அவர் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "நாற்காலி போதும், பேசாம இருக்கும்" என்பார்.

நூலக மண்டபத்தில் காப்பீட்டு முகாம் போட்டபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரோடு இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"வீட்ல யார் யார் இருக்கீங்கம்மா?"

"நான், எம் பொண்ணு. முன் ரூம்ல அண்ணன்."

"அண்ணன் என்ன பண்றார்?"

அங்கேதான் அவள் வாய் அவளுக்கே குழி வெட்டியது. "சொந்தப் பட்டறைங்க! பஸ்ஸுக்கெல்லாம் சீட்டு எங்ககிட்டதான் வரும். கெட்டிக்காரர். கை வச்சா பணம்."

"நல்லது" என்று அவர் தட்டிக்கொண்டார்.

பதில் தாள் வந்தபோது விடாத மழை. ஈரத்தில் ஃபோம் நமுத்துப் போயிருந்தது. குளிரில் விறைத்த ரெக்சினை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் காட்டி இளக்கிக்கொண்டிருந்தாள் தையல்காரி. ரொட்டிக் கடையில் அரைநாள் வேலை முடித்து வந்த மகள், தலையைத் துவட்டிக்கொண்டே படித்தாள்.

"குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுது, தகுதி இல்லைன்னு போட்டிருக்கும்மா."

"யார் குடும்பம்? வேற வீட்டுத் தாளு மாறி வந்திருக்கும், பாரு."

"நம்ம தாள்தான். மாமாவை உன் கூடப்பொறந்தவர்னு சேர்த்து, பட்டறை வருமானத்தையும் உன் தலையில கட்டியிருக்காங்க. நீ என்னன்னு சொன்ன?"

"அண்ணன்னுதான் சொன்னேன். அண்ணனை அண்ணன்னு சொல்லாம அத்தைன்னா சொல்லுவாங்க?"

ஆணி பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "கை வச்சா பணம்னு சொல்லியிருப்பா. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அதைத்தான் சொல்றா. அதைக் கேட்டுட்டு ஒருத்தன்கூட முழு ரேட்டு குடுக்க மாட்டேங்கிறான்."

"நீங்க ஆணியத் துப்பிட்டுப் பேசுங்க, ஒண்ணும் விளங்கல" என்றாள் அவள். விளங்கித்தான் இருந்தது.

மகள் உதவி எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டாள். தையல்காரி போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. ஒரு சலூன் நாற்காலிக்கு விளிம்பு தைத்து முடிகிறவரை ஓடியது. கடைசியில் ஒரு பெண் குரல்.

"சொல்லுங்கம்மா."

"என் மனுவுல ஒரு தப்பு விழுந்துருச்சும்மா. முன் ரூம்ல இருக்கிறவரை அண்ணன்னு போட்டுட்டாங்க. அவர் என் அண்ணன் இல்ல."

"அப்படியா. அவர் உங்களுக்கு என்ன வேணும்மா?"

"வீட்டுக்காரர்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "முன்னாடி கணவர் இல்லைன்னு இருக்கேம்மா?"

"ஆமா, அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு. இவர் வீட்டுக்காரர்."

"ஓ! சரிங்கம்மா, சரிங்கம்மா. மாத்திட்டேன். வாழ்த்துகள்ம்மா."

"உனக்கும் நல்லது நடக்கட்டும் தாயி" என்று வைத்தாள். மகள் வந்ததும் சொன்னாள்: "வேலை முடிஞ்சுது. ஆபீஸ்ல இப்பல்லாம் என்ன மரியாதை தெரியுமா? திருத்தம் போட்டதுக்கு வாழ்த்துச் சொல்றாங்க!"

அடுத்த தாளும் மழையோடுதான் வந்தது. படித்துவிட்டு மகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தாய் பயந்துபோனாள்.

"என்னடி?"

"மாமா! நீங்க கொஞ்சம் ஆணிய எடுத்துடுங்க. முழுங்கிடப் போறீங்க."

அவர் எடுத்தார்.

"உறவு: கணவர்."

தையல்காரிக்குக் காது வரை சிவந்தது.

"நான் வீட்டுக்காரர்னுதான் சொன்னேன்!"

"அதான் அவங்களும் எழுதியிருக்காங்க" என்றாள் மகள். "ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் புருஷனை அப்படித்தானே சொல்றாங்க? வீட்டுக்குச் சொந்தக்காரர்னு சொல்லியிருக்கணும். பட்டறை வருமானம் இன்னும் உன் தலையிலதான். இனிமே நான் மாமாவை எப்படிக் கூப்பிடுறது, அப்பான்னா?"

ஆணி உள்ளங்கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தபடி, மெதுவாக, தெளிவாகச் சொன்னார்: "இத்தனை வருஷம் தப்பிச்சவன் நான். பொண்ணு பாக்கல, பந்தல் போடல, ஒரு போன்ல முடிச்சுட்டியே தங்கச்சி. அடுத்து போன் பண்ணினா என்னைய உனக்கு மாமியாராக்கிடுவே."

தையல்காரிக்கும் சிரிப்புப் பீறிட்டது. சிரித்த சிரிப்பிலேயே வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ கத்தரிக்கோலை வைத்துத் திருகியது மாதிரி. முதுகு வழியாகத் தோளுக்கு ஏறியது. மெஷின் மேலேயே கவிழ்ந்தாள். வியர்வையில் ரவிக்கை நனைந்தது. மகள் வெந்நீர்த் துணி வைத்து ஒத்தினாள். ஆணி ஒரு புது பஸ் சீட்டைத் தரையில் போட்டு அவளைச் சாய்த்துப் படுக்க வைத்தார். மழை வெறித்துத் தெருவில் ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் வலி விட்டது.

"இதப் பாரு" என்றார் ஆணி. வாயில் ஒன்றும் இல்லை. "அட்டையாவது மட்டையாவது. நான் கட்டுறேன். அண்ணன்னு எழுதினாங்கள்ல, அப்படியே இருக்கட்டும்."

"எதை வித்துக் கட்டுவீங்க? கட்டிங் மெஷினையா? அப்புறம் நாம மூணு பேரும் பல்லாலயா ரெக்சின் கிழிக்கிறது?" குரல் தளர்ந்திருந்தாலும் பேச்சு தளரவில்லை. "எனக்குத் தகுதி இருக்கு. இல்லாததையா கேக்குறேன்? இருக்கிறதை வாங்காம விட்டா, அது பெருந்தன்மை இல்லண்ணே, முட்டாள்தனம். போன்ல பேசினா இப்படித்தான். நேர்ல போறேன்."

மகள் ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாதாம். புருஷன், பெண்டாட்டி, நம்மை நம்பி இருக்கிற பிள்ளைகள், ரத்த உறவு, இதுதான் கணக்காம். வீட்டுச் சொந்தக்காரர் எத்தனை பஸ்ஸுக்குச் சீட்டு தைத்தாலும் அவர் வருமானம் இவள் கணக்கில் வராதாம். ஆனால் இரண்டு தடவை உறவு மாறியிருப்பதால், வாடகைக்கு விட்டிருக்கிறேன், உறவு இல்லை என்று அவர் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இவளும் அதிகாரி முன்னால் வாயால் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு சாப்பிட்டார்கள். எண்ணெய் கூடாது என்று அவளுக்குச் சொன்ன நாள் முதல் ஆணியும் அதைத்தான் சாப்பிடுகிறார். கேட்டால், "எனக்கும் வயசாச்சுல்ல" என்பார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கை துடைத்து, எழுத உட்கார்ந்தார். ரெக்சினில் கோடு போடுகிற மாதிரி அழுத்தி அழுத்தி எழுதினார்.

மகள் வாங்கிப் படித்தாள். "'இவர் என் வீட்டின் பின் பகுதியில் வாடகைக்கு இருக்கிறார். வாடகையைக் கூலியில் கழித்துக்கொள்கிறேன். எங்களுக்குள் உறவு ஏதும் இல்லை. ஆனால்…' ஆனால் என்ன, மாமா?"

"அதான் யோசிச்சுட்டிருக்கேன்."

"ஆனால் எல்லாம் கூடாது மாமா. நீங்க ஒரு ஆனால் போட்டா, அதுக்கு அவங்க தனியா ஒரு விசாரணை வைப்பாங்க. இல்லைங்கிறதோட நிறுத்துங்க."

"வெறும் இல்லைன்னு எப்படி நிறுத்துறது? மொட்டையா இருக்கே."

"மொட்டையாத்தான் இருக்கணும்."

அவர் அந்த ஒரு சொல்லை அடித்தார். அடித்த கோடு ரொம்பத் தடிமனாக விழுந்தது. தையல்காரி மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசிக் கண்ணில் நூல் நுழையவே இல்லை.

ஆபீஸுக்கு மூன்று பேரும் போனார்கள். நீளமான கூடம், சுவரை ஒட்டி நாற்காலி வரிசை. உட்காருவதற்கு முன்னால் ஆணியும் தையல்காரியும் ஒரே நேரத்தில் நாற்காலியை அமுக்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

"உள்ள வெறும் காகித அட்டை" என்றார் அவர்.

"தையல் விட்டு விட்டுப் போட்டிருக்கான்" என்றாள் இவள்.

"உங்க முறை வந்துடுச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். பொறுமையான முகம். பழைய தாள் இரண்டையும் படித்தவள் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சம் இருமினாள்.

"முதல்ல அண்ணன். அப்புறம் கணவர்."

"இப்ப சரியா சொல்ல வந்திருக்கோம்ங்க" என்றாள் மகள்.

அந்தப் பெண் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள், கூலிச் சீட்டுகளைப் பார்த்தாள், மகளின் வயதைக் கேட்டாள். "நீங்க உங்கம்மா கணக்குலதான் வர்றீங்க. உங்க ரெண்டு பேர் சம்பாத்தியம் மட்டும்னா வரம்புக்கு ரொம்பக் கீழ. தகுதி தாராளமா இருக்கு. முதல் மனு போட்ட தேதியே செல்லும்மா, பயப்படாதீங்க, ஆஸ்பத்திரி நாள் போகாது. ஒண்ணே ஒண்ணு பாக்கி. ரெண்டு தடவை மாறினதால நீங்களே வாயால சொல்லணும். நான் அப்படியே பதிவு பண்ணிடுவேன்." பேனாவை எடுத்தாள். "இவர் உங்களுக்கு என்ன முறைம்மா?"

இதைத்தான் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள் தையல்காரி. இவர் எனக்கு எந்த உறவும் இல்லை. ஐந்தே சொல். பஸ் கம்பெனி மேனேஜரையே வாயால் மடக்குகிறவள். இப்போது முந்தானை விளிம்பின் தையலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காமல் பார்த்தாள். அவர் முட்டி மேல் இரண்டு கையும். அதில் ஒன்றின் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. போன மாதம் அவள் பிடித்த கட்டையில் அவர் அடித்த அடி. கட்டை நழுவியதும், அவள் விரலுக்குப் போகவேண்டிய சுத்தியலைத் தன் விரலில் வாங்கிக்கொண்டது.

"அவர் சொல்லட்டுங்களா?" என்றாள்.

"இல்லம்மா. மனு உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

"சொல்லு தங்கச்சி" என்றார் ஆணி.

அதிகாரிப் பெண் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். மகள் மேஜைக்கு அடியில் மாமாவின் காலை மிதித்தாள்.

"சொல்லுங்கம்மா" என்று திருத்திக்கொண்டார் அவர். அப்படித் திருத்தியதுதான் தையல்காரிக்கு இன்னும் மோசமாக இருந்தது. கல் வாய்க்கே ஏறிவிட்டதோ என்றிருந்தது.

அப்போது ஆணி எழுந்தார். "அந்த நாற்காலி என் கண்ணை உறுத்திட்டே இருக்கு" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டுக் கூடத்தின் மறுகோடிக்கு நடந்தார். காது கேட்காத தூரம். அங்கே ஒரு கிழிந்த நாற்காலி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் கை விட்டு எதையோ எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "உறவு இல்லீங்க. வீட்டுக்குச் சொந்தக்காரர். அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"ரொம்ப யோசிச்சுட்டேன். சீக்கிரம் எழுதிக்கோம்மா, அவர் வந்துடுவார்."

அந்தப் பெண் எழுதினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "இது கணக்குக்காகக் கேக்குற கேள்விம்மா. வேற எதுக்கும் இல்ல."

"தெரியுது தாயி. இருந்தாலும் வாய் வலிக்குது."

வெளியே வந்தபோது வெயில் பளீரென்று அடித்தது. தெருவெல்லாம் தேங்கிய தண்ணீர் மினுங்கியது. ஆணி முன்னால் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். ரொட்டிக் கடை தாண்டி, பட்டறைக் கதவுக்கு வந்தார்கள். பூட்டைத் திறந்தபடி அவர் கேட்டார்.

"வாடகைக்காரம்மா, நாளைக்கு அந்த சலூன் நாற்காலி முடிஞ்சுடுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஆணி மட்டும்தானா, சிரிப்புமா என்று தெரியவில்லை.

"முடிச்சுடலாம் ஓனர் ஐயா. நீங்க பூட்டைத் திறந்தாத்தானே?"

அதற்கப்புறம் அதுவே பேச்சாகிவிட்டது. "வாடகைக்காரம்மா, டீ ஆச்சா?" "ஓனர் ஐயா, தண்ணிக் குழாய் ஒழுகுது, வாடகையில கழிச்சுக்கிறேன்." மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அட்டை வந்தது. தையல்காரி அதற்கு மிச்ச ரெக்சினில் ஒரு உறை தைத்தாள், சிவப்பு விளிம்பு வைத்து. ஆஸ்பத்திரி நாள் வருவதற்குள் அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"அங்க வந்து தங்கச்சி, தங்கச்சின்னு வாயை விட்டுடாதீங்க. அட்டையில நீங்க கிடையாது. கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வீட்டுச் சொந்தக்காரன்."

"உறவு?"

"இல்ல."

"ஆனால்?"

"ஆனால் இல்ல."

"கெட்டிக்காரர்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சுலபமாக நடந்தது. அட்டையைக் காட்டியதும் ஒரு கேள்வி இல்லை. பச்சைத் துணி உடுத்தி, தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வராந்தாவில் நர்ஸ் வந்து உரக்கக் கூப்பிட்டாள்.

"இந்தம்மாவோட ஆள் யாரு? கூட வந்தவங்க யாரு?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆணி நிமிர்ந்தார். எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"நான் வீட்டுச் சொந்தக்காரனுங்க. உறவு ஏதும் இல்ல."

"அப்போ அந்தம்மாவுக்கு யாருமே இல்லையா? உள்ள கொண்டுபோற நேரம், ஒருத்தர் கூட நிக்கணுமே? ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடுறது?"

ஆணி தள்ளுவண்டியைப் பார்த்தார். உள்ளங்கையில் அவர் உருட்டிய ஆணிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாங்கிய பாடம் அப்படி.

தையல்காரி தள்ளுவண்டியில் முழங்கையை ஊன்றி எழும்பினாள்.

"ஏம்மா நர்ஸம்மா, நீ எழுதுற தாள் எந்த ஆபீஸுக்குப் போகும்?"

"எங்கேயும் போகாதும்மா. இது கூப்பிடுறதுக்கு மட்டும்தான்."

"அப்படியா?" என்றாள். வராந்தாவின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற குரலில், மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில், கத்தினாள்:

"அண்ணே! உங்களைத்தான் கேக்குறாங்க. எந்திரிச்சு வாங்க இங்க!"